பிளாஸ்திரி சுற்றிய மஞ்சள் வயர்

ஜூன் 4, புதன்

பத்தாம் வகுப்புக்கு மின்னோட்டப் பாடம் ஆரம்பித்தாயிற்று. சாயங்காலம் தம்பி தன் வாடகைக் காருக்குப் புது ஸ்டீரியோ வாங்கி வந்தான். "கடையிலயே மாட்டித் தர்றோம்னாங்க. எங்க அக்கா இருக்கான்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்கிறான். இருபது வருஷம் இயற்பியல் நடத்தியவளுக்கு மூன்று வயர் என்ன பிரமாதம்?

ஜூன் 7, சனி

மாட்டிவிட்டேன். மஞ்சள் வயர் நேராக பேட்டரிக்கு. சிவப்பு, சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் இடத்துக்கு. கறுப்பு, பெயின்ட் சுரண்டிய இரும்புக்கு. இன்சுலேஷன் டேப் பாதியில் தீர்ந்துவிட்டது. மஞ்சள் வயரை ஒட்டுப்போட்ட இடத்தில் பள்ளி ஆய்வகத்து முதலுதவிப் பெட்டியிலிருந்து எடுத்து வந்த பிளாஸ்திரியைச் சுற்றினேன். குடைக்கம்பி, மூக்குக்கண்ணாடிக் காது, ரிமோட் என்று எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதானே வைத்தியம். மஞ்சள் வயர் நுழைகிற தகர ஓட்டையில் ரப்பர் வளையம் போட்டிருக்க வேண்டும். கைவசம் இல்லை. பரவாயில்லை.

தெருவே அதிரப் பாட்டு வைத்தான். "எங்க அக்கா கரண்ட்டையே காதைப் பிடிச்சு உட்கார வச்சிருவா!" எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூன் 12, வியாழன்

வண்டி பள்ளத்தில் இறங்கினால் செட் நின்றுவிடுகிறதாம். செட்டுக்குப் பின்னால் நான் வைத்த ஃபியூஸ் போயிருந்தது, இரண்டாவது தடவையாக. மாற்று ஃபியூஸ் இல்லை, அவனுக்கோ சவாரி காத்திருக்கிறது. சாக்லேட் வெள்ளித்தாளை மடித்து எரிந்த ஃபியூஸ்மேல் சுற்றிச் செருகினேன். பாடியது. நாளைக்கு மாற்றிவிடலாம்.

ஜூன் 16, திங்கள்

ஹெட்லைட் எரியவில்லை என்று டாக்ஸி ஸ்டாண்டுக்கு எதிரிலுள்ள கார் எலக்ட்ரீஷியனிடம் பல்பு மாற்றி வந்திருக்கிறான். "இதுக்கெல்லாம் உன்னை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

வெள்ளித்தாளை மறந்துவிட்டேன். இல்லை, மறக்கவில்லை. தள்ளிப்போட்டேன்.

ஜூன் 19, வியாழன்

கார் புகைந்துவிட்டது. உள்ளே கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. அவர்களை இறக்கிவிட்டு பேட்டரி வயரைப் பிடுங்கியதில் தம்பிக்கு உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. குழந்தைக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.

ஜூன் 20, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு போய் எலக்ட்ரீஷியன் கடையில் தம்பி கத்தினான். ஸ்டாண்டு டிரைவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். "பல்பு மாத்துறேன்னு உள்ள எதைய்யா கிண்டுன?" அவர் எங்கள் காரிலிருந்து எடுத்த கருகிய வயர் ஒன்றை நீட்டினார். "இதைக் கொஞ்சம் பாருங்க தம்பி." அதில் பாதி எரிந்த பிளாஸ்திரி. தம்பி பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு எதிர்க்கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன்.

"எங்க அக்கா போட்ட வயர்ல குத்தம் சொல்றியா? அவ எத்தனை பேருக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவ தெரியுமா?"

"நான் யாரையும் சொல்லல" என்றார். அப்போது என்னை ஒரு முறை பார்த்தார்.

ஒரு வார்த்தை. "நான்தான்" என்று ஒரே ஒரு வார்த்தை. என்னடி வந்துச்சு உனக்கு? நாக்கு செத்துப்போச்சா?

ஜூன் 23, திங்கள்

விடைத்தாள் திருத்துகிறேன். ஏழாவது கேள்வி: "மின் உருகிக்கு (ஃபியூஸ்) பதிலாக வேறு உலோகத் துண்டைப் பயன்படுத்தலாமா? காரணம் கூறு." கேள்வி எடுத்தது நானேதான். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். எல்லாருக்கும் முழு மதிப்பெண். சிவப்புப் பேனாவைப் பிடிக்கவே கூசுகிறது.

எலக்ட்ரீஷியன் கடை வாசலில் இன்று ஒரு வண்டிகூட இல்லை. ஸ்டாண்டுக்காரர்கள் அடுத்த தெருவுக்குப் போகிறார்களாம். தம்பி அதைப் பெருமையாகச் சொல்கிறான்.

ஜூன் 24, செவ்வாய்

தம்பியிடம் சொல்லிவிட்டேன். சிரிக்கிறான்! "அந்தாளு பொழப்பு போகுதுன்னு பழியை நீ ஏத்துக்குறியா? உன் மனசு யாருக்கு வரும்க்கா?"

உண்மையைச் சொல்லியும் நல்ல பெயர். இதைவிட அவன் என்னை அறைந்திருக்கலாம்.

ஜூன் 25, புதன்

விடுப்புப் போட்டுவிட்டு அவனை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். டிரைவர்களையும் கூப்பிட்டேன். "அந்த வயரை எடுங்க" என்றேன். எலக்ட்ரீஷியன் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். தம்பி கையில் கொடுத்தேன்.

அவன் பிளாஸ்திரியை விரலால் தடவினான். அவன் கண்ணாடிக் காதிலும் அதுதான் ஒட்டியிருக்கிறது. வெள்ளித்தாளைப் பற்றியும் எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். பாதியில் அழுதுவிட்டேன்.

"உள்ள குழந்தை இருந்துச்சுக்கா" என்றான் தம்பி. அவ்வளவுதான். பிறகு எலக்ட்ரீஷியன் முன்னால் கையைக் கூப்பினான். கட்டுப்போட்ட கையோடு.

அவர் என்னைத் திட்டவில்லை. தம்பி காரின் பானெட்டைத் திறந்து காட்டினார். "மஞ்சள் வயர்ல ஃபியூஸ் பேட்டரியை ஒட்டி, ஒரு சாண் தூரத்துல இருக்கணும் டீச்சர். நீங்க செட்டுக்குப் பின்னாடி வச்சிருக்கீங்க. நடுவுல தகரம் வயரை அறுத்தா அந்த ஃபியூஸால என்ன பண்ண முடியும்? அப்புறம், ஃபியூஸ் போகுதுன்னா அது ஏதோ சொல்ல வருது. அது வாயைப் பொத்தக் கூடாது."

நான் நாற்பத்தாறு வயதுப் பெண். தலையாட்டினேன்.

ஜூன் 30, திங்கள்

தம்பி என்னோடு பேசுகிறான். ஆனால் பார்த்துப் பேசுகிறான்.

ஜூலை 5, சனி

சமையலறை ஸ்விட்ச் போர்டில் பொறி பறந்தது. முன்பானால் "அக்கா!" என்று வீடே கூவியிருக்கும். தம்பி என்னைத் தாண்டிப் போய் எலக்ட்ரீஷியனுக்கு போன் போட்டான். வீட்டு வேலையும் செய்வாராம். நான் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

அவர் வந்து ஸ்டூலில் ஏறிப் பலகையைக் கழற்றினார். "டீச்சர், மெயினை ஆஃப் பண்ணுங்க."

"நான் பண்றேன்ணே" என்று தம்பி எழுந்தான்.

"அவங்க பண்ணட்டும்."

வாசலுக்குப் போய் மெயினை இறக்கினேன். "ஆஃப்" என்று குரல் கொடுத்தேன். நான் உள்ளே வந்தபோது அவர் பலகையை நோக்கிக் கையை நீட்டினார். "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்!" என்று கத்திக்கொண்டே திரும்ப ஓடிப்போய்ப் பார்த்தேன். இறக்கித்தான் இருந்தது. உள்ளே வந்து அவர் பெட்டியிலிருந்து டெஸ்டரை எடுத்துக் கொடுத்தேன். அவர் வைத்துப் பார்த்தார்.

"ஆஃப்தான்" என்றேன் மறுபடியும்.

"தெரியும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவர் பலகைக்குள் கையை விட்டார்.