நான் கொடுத்தனுப்பிய பூசை உடுப்பு

சேசு மரி சூசை

சான் ஹசிந்தோ, மிச்சோவாகான்
1813, அக்டோபர் 12

ஹவானா கப்பல் பட்டறையில் தச்சு வேலை செய்யும் என் தம்பி தமாசோவுக்கு, அக்கா லியோகாதியா எழுதுவது. உன்னையும் உன் பெண்டாட்டி பிள்ளைகளையும் சர்வேசுரன் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்துகொள். நம் மெல்சோர் போய்விட்டான். பதினோரு நாளாகிறது. சுட்டுவிட்டார்கள்.

கோயில் மணியை இறக்கி, பீரங்கி வார்க்கக் கலகக்காரர்களுக்குக் கொடுத்தான் என்று ஆகஸ்டில் பிடித்துப் போனார்கள். கொடுத்தான்தான். வேண்டாமடா என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். உன் அண்ணன் யார் பேச்சைக் கேட்டான்?

ஆனால் குருவானவராக இருக்கும்வரை ராசாவின் பட்டாளம் அவனைச் சுட முடியாது. முதலில், குருக்களுக்கெல்லாம் மேலான மேற்றிராணியாரின் ஆள் வந்து குருப்பட்டத்தைப் பறிக்க வேண்டும். அதற்குப் பூசை உடுப்பு முழுவதையும் போட்டுவிட்டு, ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். அந்த உடுப்பு கேட்டுத்தான் சார்ஜென்ட் என் வாசலில் வந்து நின்றான். "எந்தக் கோயில்லயும் குடுக்க மாட்டேங்கறாங்கம்மா. பட்டம் பறிச்ச துணிய மறுபடி பூசைக்குப் போடக் கூடாதாம். உங்க தம்பியோடது உங்ககிட்டத்தானே இருக்கும்" என்றான். எலி கடித்துவிட்டது, எரித்துவிட்டேன் என்று கூசாமல் பொய் சொன்னேன். சோளக் குதிருக்குள் புதைத்து வைத்திருந்தேன். கலகக்காரர்கள் மலைக்கு அந்தப் பக்கம் வந்துவிட்டதாகப் பேச்சு. நாலைந்து நாள் கடத்திவிட்டால் பிழைத்துவிடுவான் என்று நினைத்தேன்.

மூன்று நாள் கடத்தினேன். நாலாம் நாள் அதே சார்ஜென்ட் மெல்சோரின் வார்த்தையைக் கொண்டுவந்தான். "அக்கா, பொய் சொன்னது போதும், குடுத்துடு. பூசை வச்சு ரெண்டு மாசமாச்சு. கடைசியா ஒரு தடவை போட்டுக்கறேன். கஞ்சி கொஞ்சமாப் போடு, போன தடவை கழுத்தை அறுத்துடுச்சு" என்று சொல்லியனுப்பியிருந்தான். கலகக்காரர்கள் வருவதை அவன் அறிவானா என்று சார்ஜென்டிடம் கேட்க முடியுமா? எடுத்தேன். துவைத்தேன், பெட்டி போட்டேன். என் கையாலேயே மடித்துக் கொடுத்தேன்.

சடங்குக்கு என்னை உள்ளே விட்டார்கள். உடுத்தும்போது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. முதல் பூசையன்று எப்படி இருந்தானோ அப்படி இருந்தான். ஒவ்வொன்றுக்கும் உரிய ஜெபத்தை மெல்லச் சொல்லிக்கொண்டே போட்டுக்கொண்டான். பிறகு கையில் பூசைப் பாத்திரத்தைக் கொடுத்துப் பிடுங்கினார்கள். மேலுடையைக் கழற்றினார்கள். பட்டம் கொடுத்தபோது திருத்தைலம் பூசிய உள்ளங்கைகளையும் விரல் நுனிகளையும் கத்தியால் சுரண்டினார்கள். வலித்தது, அவன் உதட்டைக் கடித்தது எனக்குத் தெரிந்தது. வெளியே கொண்டுவந்தபோது அந்தக் கையை முத்தம் செய்யப் போனேன். ஒரு சிப்பாய் மறித்து, "இனிமே அவரு சாமி இல்லம்மா" என்றான். "சாமியோ இல்லையோ, அவனுக்கு மூக்குச் சிந்திவிட்டவ நான். தள்ளுடா" என்றேன். தள்ளி நின்றான்.

அது வெள்ளிக்கிழமை காலை. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. கலகக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் வந்தார்கள். சிறையைத் திறந்து, இருந்த ஆறு பேரையும் வெளியே விட்டார்கள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ சாப்பிடு, பிள்ளைகளைப் பட்டினி போடாதே. உன் அண்ணனுக்காக ஜெபிக்கும்போது சுவாமி மெல்சோர் என்றே சொல். கப்பல் கிடைத்ததும் பதில் போடு, என்ன வேண்டுமானாலும் எழுது. நீயாக இருந்தால் அந்த உடுப்பைக் கொடுத்திருப்பாயா, மாட்டாயா என்பதை மட்டும் எழுதிவிடாதே தமாசோ.

தேவதாய் உனக்குத் துணை இருக்கட்டும்.

உன் அக்கா,
லியோகாதியா