ஒண்ணும் இல்லீங்க

புதூர்நாடு,
மாசி 12.

தம்பி வெற்றிவேலுக்கு, மாதையன் சம்சாரம் செந்தாமரை எழுதுவது. நான் இருக்கிறேன். அங்கே நீங்களும் அவரும் உடம்பு நோகாமல் இருக்கணும்.

உங்கள் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை உங்களுக்கு விடுதலை என்று படித்ததும் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் அழுதேன் என்றால் பொய். ஜெயிலில் ஒரே அறையில் மாட்டிக்கொண்ட பாவத்துக்கு, கை கால் இழுத்துக்கொண்ட மனுஷனை எட்டு மாசமாகக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, கக்கூசுக்குத் தூக்கிப் போகிறீர்கள். பெற்ற பிள்ளைகூடச் செய்யாது. உங்கள் விடுதலை தள்ளிப் போகணும் என்று போன மாசம் சாமியிடம் கேட்டேன். கலசப்பாக்கத்தில் உங்கள் அம்மா வழி பார்த்துக் கிடப்பார்கள் என்று தெரிந்தேதான் கேட்டேன். மன்னிச்சிடுங்க.

வரப்புச் சண்டையில் ஓங்கின கைதானே விளங்காமல் போச்சு என்கிறார்கள் ஊரில். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தக் கைக்காரருக்கும் பசிக்கும் இல்லையா.

புளி உலுக்கியாச்சு. ஓடு தட்ட நான் ஒருத்திதான். அவர் வைத்த பலா இந்த வருஷம் முதல் பிஞ்சு விட்டிருக்கிறது, சொல்லுங்கள். ஒரு பக்க வாயால் சிரிப்பார்.

பெரிய அதிகாரி வந்து, உதவிக்கு ஆள் வேணுமா என்று கேட்டதற்கு இவர், "ஒண்ணும் இல்லீங்க, நல்லாத்தான் கீறேன்" என்றாராம். எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்கு நீங்கள் தலை சீவி, சுவரோரம் சாய்த்து உட்கார வைத்திருந்தீர்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்திருப்பார். அவரை மட்டும் திட்டி என்ன செய்ய? மனு போட்டுப் பார்க்க வந்தபோது என்னிடமும் கேட்டார்கள். நானும் அதையேதான் சொன்னேன். தலைச்சுமை விறகை இறக்கச் சொல்லி மடக்கினாலும் சரி, கால் உடைந்து கிடந்தாலும் சரி, காக்கிச் சட்டை கேட்டால் இந்த மலையில் எங்களுக்கு அந்த ஒரு பதில்தான். வாய் பழகிவிட்டது.

நல்லபடியாக வீடு போய்ச் சேருங்கள், தம்பி. அம்மா கையால் சாப்பிடுங்கள். போகும்போது அவர் உங்களைக் கூப்பிட மாட்டார். கோபம் என்று நினைக்காதீர்கள்.

உள்ளே வரும் கடிதத்தை அதே அதிகாரி பிரித்துப் படித்துத்தான் தருவார் என்று எழுதியிருந்தீர்கள். மிச்சம் அவருக்கு.

ஐயா, வணக்கம். நீங்கள் கேட்டபோது ரெண்டு பேரும் பொய் சொல்லிட்டோம். அவரால் தானாக எழுந்து உட்கார முடியாது. தண்ணீர் வேண்டுமென்று வாய் திறந்து கேட்க மாட்டார், நாக்கால் உதட்டைத் தடவுவார். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அதைப் பார்க்க ஒருத்தரும் இல்லை.

ஆள் வேணுங்க, ஐயா.

இப்படிக்கு,
செந்தாமரை