எலும்பு சேராததற்கு நான்தான் காரணம், டாக்டர்

அன்புள்ள டாக்டர் தங்கச்சி கலைச்செல்விக்கு,

நீங்கள் போய் நாற்பது நாள் ஆகப்போகிறது. செஞ்சியில் உங்கள் பல் கிளினிக் பூட்டியே கிடக்கிறது. அவலூர்பேட்டை ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டும் எனக்கு அந்தக் கதவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

என் கடவாய்ப் பல்லைப் பிடுங்கியபோது தாடை எலும்பு பாதி கரைந்திருந்தது. என் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, சின்ன மெஷினில் சுற்றவிட்டு, மஞ்சளாக ஒன்றைப் பிரித்துக் காட்டினீர்கள்.

"இன்னாமா இது, நுங்கு மாதிரி இருக்குது?" என்றேன்.

சிரித்தீர்கள். "பிளேட்லெட்டுன்னு சொல்லுவாங்களே, காயத்த ஆத்துற அணு, அது இதுலதான்ணா நெறைய இருக்குது. இந்த எலும்புத் தூளோட கலந்து பள்ளத்துல வெச்சா, அதப் புடிச்சிக்கினு உங்க எலும்பு வளரும். பீடி மட்டும் வேணாம்ணா. பொகை பட்டா அந்த எடத்துக்கு ரத்தம் ஒழுங்கா வராது."

மூன்றாம் நாளே ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று பீடி பிடித்தேன்.

தையல் பிரிந்து தூள் வெளியே வந்தது. "பீடி புடிச்சீங்களாண்ணா?" என்று மெதுவாகத்தான் கேட்டீர்கள். மாதா மேல் சத்தியம் செய்தேன், இல்லை என்று. காயத்தைச் சுத்தம் செய்துவிட்டு, "சரிண்ணா, ஆறட்டும். மறுபடி வெச்சிப் பாக்கலாம்" என்றீர்கள்.

அதோடு விட்டேனா? ஆட்டோவில் ஏறியவர்களிடமெல்லாம், "ரத்தத்த எடுத்துக்கினு அனுப்பிட்டா. எலும்பும் வளரல, ஒண்ணும் வளரல" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். பல்வலி என்று வந்தவர்களைத் திண்டிவனம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். உங்கள் கிளினிக்கில் நாற்காலிகள் காலியானதைப் பார்த்தேன். பார்த்தும் வாயை மூடவில்லை.

பிறகு ஒரு காலையில் உங்கள் ஸ்கூட்டியில் லாரி மோதியது.

உங்கள் ஊர் சிங்கவரத்தில், சாவு வீட்டில், உங்கள் நர்ஸ் மேரி என்னைத் தனியாக அழைத்தாள். "அக்காவுக்கு அன்னிக்கே தெரியும்ணா. உங்க மேல பீடி வாசம் அடிச்சிச்சி. 'வயசுல பெரியவரு, நாலு பேரு ஒக்காந்துக்கினு இருக்கறப்ப இன்னாத்துக்கு அசிங்கப்படுத்தணும்'னு வுட்டுட்டாங்க."

ஏன் தங்கச்சி? அன்றைக்கே நாலு திட்டு திட்டியிருக்கக் கூடாதா?

போன வாரம் உங்கள் நைனா என் வண்டியில் ஏறினார். கூலி வேலை செய்து உங்களைப் படிக்கவைத்த மனுஷர். மற்றவர்கள் எல்லாரும் இறங்கியதும் கேட்டார்: "அந்தோணி, எம்பொண்ணு ஒனக்கு இன்னா தப்பா செஞ்சிட்சி? சொல்லுப்பா, மனசு கேக்கல."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல பெரியவரே" என்று முனகிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். நீங்கள் செத்த பிறகும் பழியை உங்கள் மேலேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சிங்கவரம் வருகிறேன். உங்கள் நைனாவிடம், தெருவே கேட்கும்படி, என் பொய்யைச் சொல்வேன். அவர் என்ன செய்தாலும் வாங்கிக்கொள்வேன். உங்களிடம் மன்னிப்பு கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. அவருக்காவது தன் பெண்ணின் கை தப்பு செய்யவில்லை என்று தெரியட்டும்.

நீங்கள் வாய் நிறைய அண்ணா என்று கூப்பிட்ட,
அந்தோணி