யோகேஸ் அண்ணனுக்கு மட்டும்

மேல் டிவிசன்,
தலவாக்கலை.
ஜூலை 14, திங்கள்.

அன்புள்ள பூரணிக்கு,

சுதர்ஷினி எழுதுகிறேன். நானும் அவரும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் சத்தம் கேட்டுப் பதினோரு நாள் ஆகிறது. எத்தனை தடவை எடுத்தாலும் உன் போன் மூடியே கிடக்கிறது. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். உண்மையைச் சொன்னால், போனில் எதையும் அனுப்பவே எனக்கு இப்போது பயம்.

இங்கே மழை விடவில்லை. கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் பிள்ளைக் காம்பராவில் விட்டுப்போக, நான் பார்க்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் சளி. அவருக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, கண் மட்டும் அப்படியேதான். சொல்ல வந்ததை விட்டுவிட்டு ஊர்க்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன், பார்.

அன்று நீ கேட்டபோது நான் பாதியைத்தான் சொன்னேன். மீதியை இதில் சொல்லிவிடுகிறேன். கோபம் வந்தாலும் கிழிக்காமல் கடைசிவரை வாசி.

பார்வை போய், தொழிற்சாலை வேலையும் போய், அவர் நாள் பூராவும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த காலம் உனக்குத் தெரியும். நீதான் உன் வாசிகசாலை அங்கத்துவ இலக்கத்தைத் தந்து, அந்த ஆப்பை என் போனில் போடவைத்தாய். காசில்லாமல், களவில்லாமல் புத்தகம் கேட்கலாம் என்றாய். முதல் புத்தகம் முடிந்த அன்று அவர் இரண்டாவது தடவை சோறு கேட்டார். ஆனால் இரண்டாவது புத்தகத்தில், நாயகி கப்பல் ஏறப்போகிற இடத்தில், இரவலுக்குரிய பதினாலு நாள் முடிந்துவிட்டது. புத்தகம் தானாகவே திரும்பிப் போய்விட்டது. மறுபடி எடுக்க எங்களுக்கு முன்னால் ஆறு பேர் காத்திருந்தார்கள். சின்னப் பிள்ளைபோல அவர் முகம் வாடியதை உன்னிடம் சொன்னது நான்தான். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நீ இரக்கப்பட்டு, உன் ஒலிப்புத்தகக் கம்பெனிக்காக வாசித்துப் பதிவுசெய்து முடித்த ஒரு புது நாவலை, அது வெளிவரும் முன்பே எங்களுக்கு அனுப்பினாய். தொடக்கத்தில் உன் வாயாலேயே, "யோகேஸ் அண்ணே, இது உங்களுக்கு மட்டும்" என்று சொல்லியிருந்தாய். அதைக் கேட்டு அவர் அழுதே விட்டார்.

பூரணி, நீயும் இந்த லயத்தில் பிறந்தவள்தானே. ஒரே கூரைக்கடியில் வரிசையாக இருக்கிற நம் காம்பராச் சுவர் கூரைவரைக்கும் போவதில்லை. இங்கே போட்டால் அடுத்த காம்பராவில் கேட்கும். மூன்றாம் நாளே அழகம்மா அக்கா அந்தப் பக்கத்திலிருந்து, கொஞ்சம் சத்தமாக வைக்கச் சொன்னார். பகலில் மலைக்குப் போகிறவருக்குப் பாதிக் கதை தவறிப் போகிறதாம். பொங்கலுக்கு நம் வீட்டுக்கென்று வந்த பலகாரத்தையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துத்தானே நமக்குப் பழக்கம். அதே நினைப்பில் கொடுத்தேன். அதுவும் அழகம்மா அக்காவுக்கு மட்டுமில்லை. ஆளாளுக்கு அனுப்பச் சோம்பல்பட்டு, மரண உதவிச் சங்க வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இதைத்தான் அன்று உன்னிடம் மறைத்தேன்.

எல்லாரும் கேட்டார்கள். கொழுந்து எடுக்கும்போது ஒரு நிரையில் ஒரு போனைச் சத்தமாக வைத்து இருபது பேர் கேட்டார்கள். நம்ம பூரணியின் குரல் என்று எனக்கும் தலைகால் புரியாத பெருமை. அழகம்மா அக்கா குவைத்தில் வீட்டுவேலை செய்கிற மகளுக்கு அனுப்பினார். அவள் கூட இருந்தவர்களுக்கு அனுப்பினாள். அங்கிருந்து யாரோ எடுத்து டெலிகிராமில், காசில்லாமல் யாரும் இறக்கிக்கொள்ளலாம் என்று போட்டுவிட்டார்கள். உலகம் முழுக்கப் போன அந்தக் களவுப் பிரதியின் தலையில், அவருக்கு மட்டும் என்று நீ சொன்ன சொல்லும் சேர்ந்தே போயிருக்கிறது.

கம்பெனிக்காரர்கள் அதைத்தான் உனக்குப் போட்டுக் காட்டி, யார் இந்த அண்ணன் என்று கேட்டார்கள் என்றாய். நீ வாய் திறக்கவில்லை என்றாய். பெயரைச் சொல்லாவிட்டால் இனி வேலை கிடையாது என்று நாள் குறித்துவிட்டார்கள் என்றும் சொன்னாய். அந்த நாள் இந்த வெள்ளிக்கிழமை.

குழுவிலிருந்து அழிக்கப் பார்த்தேன், நேரம் கடந்துபோயிருந்தது. வீடு வீடாகப் போய் அழிக்கச் சொன்னேன். சிலர் என் முன்னாலேயே அழித்தார்கள். இராமையா மாமா மட்டும், நம்ம புள்ள வாசிச்சத நாம கேட்டா என்ன தப்பு என்று கேட்டார். நானும் அப்படி நினைத்தவள்தானே.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "நம்ம கொழுந்து நிறுவையில ஒரு கிலோ வெட்டுனா, காலைல பேர் பதியிற பெரட்டுல எப்படிச் சத்தம் போடுறோம்? அவளுக்கும் அதுதானே புள்ள கூலி" என்றார். அதற்குமேல் அந்தக் கதையை அவர் கேட்கவில்லை. இன்னும் நாலு மணிநேரம் பாக்கி இருக்கிறது. போனைக் கொடுத்தாலும் தள்ளி வைத்துவிடுகிறார்.

இதோடு இன்னொரு கடிதம் வைத்திருக்கிறேன். அது கம்பெனிக்கு. அந்த அண்ணன் யார், அனுப்பியது யார், எந்தக் குழுவில் போட்டது என்று ஒன்றையும் விடாமல் எழுதியிருக்கிறேன். அடியில் என் கையெழுத்தும் அடையாள அட்டை இலக்கமும் இருக்கின்றன. அவரும் கை தடவித் தடவிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், கோணலாக இருந்தாலும் அது அவருடையதுதான். பொலிஸ் வந்து லயத்து வாசலில் நிற்குமோ என்று எனக்கு நடுக்கம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் கொண்டுபோய்க் கொடு. எங்களைக் காப்பாற்றுகிறேன் என்று நீ வாயை மூடிக்கொண்டு இருந்துவிடாதே. நீ அப்படிப்பட்டவள் என்பதால்தான் இவ்வளவு பயம்.

வெள்ளிக்கு முன்னால் கிடைக்க வேண்டுமே என்று பதிவுத் தபாலில் போடுகிறேன். மாரியம்மா உன் தொழிலையும் உன் தொண்டையையும் காப்பாற்றட்டும்.

என்னைத் திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் உன் குரலில் ஒரே ஒரு வாய்ஸ் அனுப்படி. சத்தியமாக அதை நான் யாருக்கும் அனுப்ப மாட்டேன்.

உன்,
சுதர்ஷினி