நீ ஒரு ராத்திரியும் படுக்காத வீடு

இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு எனக்குச் சோறூட்டிய என் பத்மாக்காவுக்கு,

நேற்று உன் வருஷத் திதி நடந்தது. மேட்டு வீட்டில்தான். ஒரு குறையும் இல்லை. சாஸ்திரிகள் ஆலுவாயிலிருந்து வந்திருந்தார். மன்னி காலையிலிருந்து அடுப்படியை விட்டு நகரவில்லை. வந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டார்கள். போகும்போது ஒவ்வொருவரும் வாசல் தூணுக்கு முன்னால் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போனார்கள்.

அந்தத் தூணில் உன் பெயர் இருக்கிறது அக்கா. கருங்கல்லில் வெட்டி, வெள்ளைச் சாயம் பூசி, ‘பத்மாலயம்’ என்று மலையாளத்தில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம். எனக்கு அண்ணா, உனக்குத் தம்பி, மணிதான் வைத்தான். எர்ணாகுளத்து அத்தை அதைத் தடவிப் பார்த்து, "இப்பிடி ஒரு தம்பி கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்டீ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உனக்கு எழுதும் கடிதத்தை ஊர் படிக்கக் கொடுப்பானேன் என்று கேட்பாய். கல்லில் வெட்டியதை ஊர் படிக்கிறதே, இதையும் படிக்கட்டும்.

மட்டாஞ்சேரியில் நாம் இருந்த வாடகை வீடு இன்னும் அப்படியே இருக்கிறது; நானும் என் வீட்டுக்காரரும் அதில்தான் இருக்கிறோம். பின்சுவரை ஒட்டி மிளகு கிடங்கு. மிளகு புடைக்கிற நாளில் தெருவில் போகிறவர்கள் ஒரு தும்மலோடு தப்பித்துவிடுவார்கள். உனக்கு அப்படி இல்லை. அன்றைக்கு ராத்திரி இழுப்பு வந்துவிடும். சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்து, தோள் இரண்டும் ஏறி இறங்க நீ உட்கார்ந்திருப்பாய். மழைக்காலத்தில் காயல் தண்ணீர் ஓடை வழியாக ஏறி அடுக்களைத் தரையை நனைத்துவிட்டுப் போகும். அந்த ஈரம் வேறு. காலையில் எதுவும் நடக்காதது போல் தலைவாரிக்கொண்டு, வெலிங்டன் தீவுக்குப் போட் ஏறி, கப்பல் கம்பெனி ஆபீஸில் நாள் முழுக்க டைப் அடித்துவிட்டு வருவாய். அப்பா போன பிறகு அண்ணாவைப் படிக்க வைத்ததும், எனக்குக் கல்யாணம் பண்ணி வைத்ததும் அந்த விரல்கள்தான். உனக்கு ஒன்றும் பண்ணிக்கொள்ளவில்லை.

"மேட்டுப் பூமிக்குப் போயிடுங்கோ, இந்தக் காத்து உங்களுக்கு ஆகாது" என்று டாக்டர் சொன்ன பிறகுதான் உனக்கு அந்த ஆசை பிடித்தது. கேரளம் பிறந்த புதிது அது. ஆலுவா ரோட்டிலிருந்து விலகி, செம்மண் பாதையில் ஏறிப் போனால் ஒரு குன்று. அதன் கிழக்குச் சரிவு முழுக்க சர்க்கார் காடு. ரிசர்வ் என்று எல்லைக்கல் நட்டு, ஒரு கொம்பை ஒடிக்க விடமாட்டார்கள். அந்த எல்லைக்கல்லை ஒட்டின பூமியைத்தான் நீ வாங்கினாய். "அலமு, அந்தப் பக்கம் யாரும் வீடு கட்ட முடியாது, கிடங்கு கட்ட முடியாது. அந்தக் காத்து எனக்கே எனக்காக்கும்" என்று சிரித்தாய். நீ அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

முதலில் கிணறு. நமக்கு என்ன தெரியும்? மட்டாஞ்சேரியில் முழங்கால் ஆழம் தோண்டினால் தண்ணீர் தானே வந்து நிற்கும். வாயில் வைத்தால் உப்பு. அதையே நினைத்துக்கொண்டு, வெட்டத் தொடங்கின அன்றைக்கே தண்ணீர் பார்த்துவிடலாம் என்று கையில் டம்ளரோடு போனோமே, ஞாபகம் இருக்கிறதா? வெட்டுகிறவர்கள் நம்மைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். வாரம் போயிற்று, மாசம் போயிற்று, செம்மண் பாறையாகவே வந்துகொண்டிருந்தது. "போதும் அக்கா, பாதாளத்துக்கே போயாச்சு, விட்டுடலாம்" என்றேன். நீ விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குடையைப் பிடித்துக்கொண்டு அந்த மேட்டில் போய் உட்கார்ந்தாய். பக்கத்துத் தோட்டத்து ஏலிச் சேடத்தி உனக்குப் பால் விடாத கட்டன்சாயா கொண்டுவந்து தருவாள்.

தண்ணீர் வந்த அன்றைக்கு முதல் வாளி மேலே வந்ததும், தெளியட்டும் என்று யார் சொல்லியும் கேட்காமல், இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தாய். வாயோரமெல்லாம் செம்மண். "சர்க்கரையாட்டம் இருக்குடீ" என்றாய். பிறகு அந்தப் பூமியிலேயே வெட்டின கல்லை வைத்துச் சுவர் எழுப்பினாய். காட்டைப் பார்த்தாற்போல் கிழக்கே ஒரு அறை, அதற்குப் பெரிய ஜன்னல். உன் கட்டில் அந்த ஜன்னலை ஒட்டிப் போட வேண்டும் என்று, தரையில் கரியால் கோடு கிழித்தே வைத்திருந்தாய்.

பிறகுதான் கிருகப்பிரவேசம்.

தம்பதியாகத்தான் மணையில் உட்கார வேண்டும் என்று சாஸ்திரிகள் சொன்னார். கல்யாணமாகாதவள் உட்காரக் கூடாது. நீ ஒரு கணமும் யோசிக்கவில்லை. "அதுக்கென்ன, மணியும் அவன் ஆம்படையாளும் ஒக்காரட்டும்" என்றாய். அண்ணா பட்டு வேட்டியோடு உட்கார்ந்தான். மன்னி உன் அடுப்பில், உன் பாத்திரத்தில் பால் காய்ச்சினாள். பால் பொங்கியபோது நீ எங்கே இருந்தாய்? வாசலுக்கு வெளியே, செருப்பு விட்டிருந்த இடத்தில்.

ஏலிச் சேடத்திதான் அதைக் கேட்டாள். "பத்மமே, நீயல்லே வீட்டுக்காரி? நீயெந்தா வெளியில் நிக்கணெ?"

"ஹோமப் புகை சேடத்தி. எனிக்கு இழுப்பு வரும்" என்றாய்.

பொய் சொல்லக்கூட உனக்கு ஒரு உபகாரமான காரணம் கிடைத்துவிடும் அக்கா.

மணையில் உட்கார்ந்தவர்கள் ஒரு மண்டலம் அங்கேயே இருந்து விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் சாஸ்திரிகள். சரி, ஒரு மண்டலம்தானே. நீ மறுநாள் ஆபீஸ் என்று அன்று சாயங்காலமே என்னோடு இறங்கி வந்துவிட்டாய். மண்டலம் முடிகிற சமயம் மன்னி உண்டாகியிருந்தாள். மசக்கைக்காரி வீடு மாறக் கூடாது. அதுவும் சரி. குழந்தை பிறந்தது, கைக்குழந்தையோடு இந்த மிளகு நெடியில் எப்படி? அதற்குள் அண்ணாவுக்கு ஏலூரில் உரக் கம்பெனியில் வேலை ஆகிவிட்டது. மேட்டு வீட்டிலிருந்து சைக்கிளில் இறங்கினால் போதும். எல்லாவற்றிலும் நியாயம் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லாம் சேர்ந்து உன்னை வெளியே நிறுத்திவிட்டது.

நீ ஞாயிற்றுக்கிழமைகளில் விருந்தாளியாகப் போனாய். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு, குழந்தைக்குச் சொக்காய் வாங்கிக்கொண்டு. கரிக்கோடு கிழித்த இடத்தில் தொட்டில் ஆடிற்று. பிறகு அதே அறையில் நெல்லும் தேங்காயும் வந்து சேர்ந்தன. ஒரு தரம் நான் பொறுக்க மாட்டாமல், "அக்கா எப்போ இங்கே வரப்போறா மன்னி?" என்று கேட்டேன்.

"வரட்டுமே, யாரு வேண்டாம்னா? எங்கே படுப்பா அக்கா, அதாக்கும் நேக்கு சங்கடம். உள்ளே சாமான்னா நெறஞ்சு கெடக்கு" என்றாள் மன்னி, நிஜமான கவலையோடு.

திரும்பி வருகிற போட்டில் நான் பொரிந்து தள்ளினேன். நீ, "உன் நாக்குக்கு ஒரு பூட்டு போடணும்டீ. அவன் நம்ம கூடப் பொறந்தவன்" என்றாய். காயல் காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நீ முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாய்.

கடைசி வருஷம் உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இழுப்பு விட்டு விட்டு வந்தது போய், விடாமல் பிடித்துக்கொண்டது. ஆபீஸிலிருந்து நின்றுவிட்டாய். மேட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று என் வீட்டுக்காரர் அண்ணாவிடம் போய்ச் சொன்னார். "மழை கழியட்டும் மாப்ளே, அந்த ரோட்டிலே வண்டி ஏறாது" என்றான் அண்ணா. உண்மைதான், மழைக்கு அந்த ரோட்டில் வண்டி ஏறாது. மழை உனக்காகக் கழியவில்லை.

அப்போதுதான் ஒரு நாள் சொன்னாய்: "அலமு, அந்தக் கெணத்து வெள்ளம் ஒரு வாய் கிடைச்சா தேவலை." நீ வாழ்க்கையில் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். அண்ணாவுக்குச் சொல்லி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஹார்லிக்ஸ் கொண்டுவந்தான். ஆப்பிள் கொண்டுவந்தான். உன் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கக் குலுங்க அழுதான். தண்ணீர் எங்கே என்று கேட்டேன்.

"பஸ்ஸிலே, போட்டிலே வெள்ளம் நெறச்ச பாத்திரத்தை எடுத்துண்டு எங்ஙனே வரது அலமு? பக்கத்திலே நிக்கறவா மேலே எல்லாம் சிந்தாதா? வெள்ளம் எங்கேயும் வெள்ளம்தானே" என்றான்.

நீ அதற்கும் தலையாட்டினாய். முனிசிபாலிட்டிக் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து நான் ஸ்பூனால் கொடுத்தேன். நாக்கில் பட்டதும் உனக்கு வித்தியாசம் தெரிந்தது. முகத்தைத் திருப்பாமல் விழுங்கினாய். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ இல்லை.

இனி நேற்றைய கதை. கிழக்கு அறையைத்தான் காலி பண்ணித் திதிக்கு ஒழித்திருந்தார்கள். நெல் மூட்டை எல்லாம் எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. ஜன்னல் திறந்திருந்தது. காட்டிலிருந்து காற்று வந்து வாழையிலையைப் புரட்டிக்கொண்டே இருந்தது. அண்ணா ஈர வேட்டியோடு உட்கார்ந்தான். பக்கத்தில் ஒரு பித்தளைச் செம்பு நிறையத் தண்ணீர். அந்தக் கிணற்றுத் தண்ணீர். சாஸ்திரிகள் உன் பெயரைச் சொல்லச் சொல்ல, எள்ளோடு சேர்த்து உனக்கு அதை வார்த்தான். ஒரு தரம் வார்த்தான். மறுபடியும் வார்த்தான். தாம்பாளம் நிறைந்தது.

"இப்போ பாத்திரம் கெடைச்சுதா அண்ணா?" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் எல்லாருக்கும் கேட்டது. மன்னி அடுக்களை வாசலில் நின்றுவிட்டாள். அண்ணாவின் கை அப்படியே நின்றது. சாஸ்திரிகள் ஒன்றும் புரியாமல் விட்ட இடத்திலிருந்து மந்திரத்தை மறுபடி எடுத்துக்கொடுத்தார்.

எல்லாரும் போன பிறகு அண்ணா கிணற்றடிக்கு வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அவ ஒரு தரமாவது, மணி, நீ எறங்குடா, இது என் வீடுன்னு பறஞ்சிருந்தா, நான் எறங்கியிருப்பேன் அலமு. சத்தியமா எறங்கியிருப்பேன். அவ பறயவே இல்லையே" என்றான்.

அதுதான் அக்கா என்னை ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் அடித்தது. இறங்கியிருப்பானா? இறங்கியிருப்பான் என்றால் நீ ஏன் சொல்லவில்லை? சொல்லாமல் அறிய வேண்டும் என்று எதிர்பார்த்தாயா? அல்லது, சொல்லி அவன் மாட்டேன் என்றுவிட்டால் உனக்குத் தம்பியும் இல்லை, வீடும் இல்லை என்று பயந்தாயா? எனக்கு அவன்மேல் இருக்கிற கோபத்தில் பாதி உன்மேல் இருக்கிறது. நல்லவள் என்று பெயர் வாங்கினாய். அந்தப் பெயரைத்தான் தூணில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

கிளம்பும்போது மன்னியிடம் அந்தச் செம்பைக் கேட்டு வாங்கினேன். நானே கிணற்றில் இறைத்தேன். கழுத்து வரை நிறைத்துக்கொண்டேன். ஏலிச் சேடத்தி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாழையிலையைக் கிழித்துத் தந்தாள், வாயை மூடிக் கட்ட. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். போட்டில் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அலை அடித்தது, ஆட்கள் இடித்தார்கள். ஒருத்தர் மேலும் ஒரு சொட்டு சிந்தவில்லை அக்கா. கொண்டுவர முடியும். கொண்டுவர வேண்டும் என்று நினைத்தால் கொண்டுவர முடியும்.

செம்பு இப்போது நீ சாய்ந்து உட்கார்ந்திருந்த சுவரோரம் இருக்கிறது. இன்றைக்கும் கிடங்கில் மிளகு புடைக்கிறார்கள். நான் தும்மிக்கொண்டே எழுதுகிறேன்.

நீ போட்ட பூட்டை இன்றோடு எடுத்துவிட்டேன். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், நீ தடுத்தாலும் தருகிறேன். இனி யார் அந்தத் தூணுக்கு முன்னால் நின்று, எப்பேர்ப்பட்ட தம்பி என்று கண்ணைத் துடைத்தாலும், அத்தையானாலும் சரி, அண்ணா பெற்ற குழந்தைகளே ஆனாலும் சரி, நான் பக்கத்தில் போய் நின்று சொல்லுவேன்: இந்த வீட்டைக் கட்டினவள் இதில் ஒரு ராத்திரியும் படுத்ததில்லை.

மட்டாஞ்சேரியிலிருந்து,
உன் தலை சாய்ந்த சுவருக்குப் பக்கத்தில் தண்ணீரோடு உட்கார்ந்திருக்கும்
தங்கை அலமு