சந்தனம் பட்ட மதர்போர்ட்

இன்று காலை ஸ்பிரிட் போத்தலைத் திறந்ததும் கடை முழுக்க உன் ஞாபகம். தலை வலிக்கும் என்று நான் மூக்கைப் பொத்துவேன். நீயோ மல்லிகைப் பூவை மோந்த மாதிரி இழுத்து மூச்சு விடுவாய். "நம்ம கடை வாசனைடி இது, பழகிக்க" என்பாய். பழகிவிட்டேன். நீதான் மழைக்கு முந்தியே போய்ச் சேர்ந்துவிட்டாய்.

அட்டனில் நாம் இரண்டு பெண்களுமாக இந்தக் கம்பியூட்டர் கடையைத் திறந்த புதிதில், வந்தவர்கள் எல்லாம் நம்மைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். "பாஸ் இல்லீங்களா?" நீ முகம் மாறாமல், "பாஸ் நாங்கதான், சொல்லுங்க" என்பாய். உடனே அவர்கள் வந்த வேலை வெறும் மவுஸ் வாங்குவதாகச் சுருங்கிவிடும். பெரிய வேலை என்றால் நுவரெலியாவுக்கு பஸ் ஏறிவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆயுத பூசை முடிந்த மூன்றாம் நாள் திம்புள்ள பக்கத்திலிருந்து ஓர் அண்ணன் வந்தாரே, தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். வருஷா வருஷம் கத்தியைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைக்கும் மனுஷன், அந்த முறை மகளின் கம்பியூட்டருக்கும் அதே மரியாதையைச் செய்திருந்தார். மேலோட்டமாகத் துடைத்தால் சாமி ஏற்றுக்கொள்ளாது என்று நினைத்தாரோ என்னவோ, ப்ரொசஸரைக் கழற்றி, அதற்குக் கீழே போர்டில் முடி போல நிற்கும் பின்களைத் துணியால் அழுத்தித் தேய்த்து வளைத்து, நட்டநடுவில் சந்தனமும் அப்பிவிட்டார். சிரிப்பை அடக்க நான் மேசைக்கு அடியில் எதையோ தேடினேன். நீ சிரிக்கவில்லை.

"நுவரெலியாக் கடையில தூக்கிப் போடச் சொல்லிட்டாங்க தங்கச்சி. இந்தப் போர்ட் இப்ப கெடைக்காதாம். புள்ள ஏ.எல். படிப்புக்குச் செய்ய வேண்டியதெல்லாம் இதுலதான் செய்யுது. எனக்கு வேற வாங்க வழியில்ல" என்றார். பிறகு, "அது என்னைய ஒரு வார்த்த ஏசல. அதான் தாங்க முடியல" என்றார்.

"வச்சிட்டுப் போங்கண்ணே. சாயங்காலம் வாங்க" என்றாய். நான் உன் இடுப்பைக் கிள்ளினேன். அதுவரை நாம் பின் நிமிர்த்தும் வேலையைத் தொட்டதே இல்லை.

மூச்சுப் பட்டுப் பூதக்கண்ணாடி மூடிக்கொள்கிறது என்று வாயைத் துவாயால் கட்டிக்கொண்டாய். ஸ்பிரிட் தொட்ட பிரஷ்ஷால் சந்தனத்தைக் கரைத்தாய். அமுக்கி எழுதும் பென்சிலின் கரிக்குச்சியை உருவி எறிந்துவிட்டு, அந்த வெற்றுக் குழாய் முனையைப் பின்னில் மாட்டி, துளித் துளியாய் நிமிர்த்தினாய். நான் பக்கவாட்டில் டார்ச் பிடித்தேன். நேராக நின்ற பின்கள் ஒன்றுபோல மின்னின. ஒரு மூலையில் ஒன்று மட்டும் அடங்கவில்லை.

"இன்னுங் கொஞ்சம் நிமித்துடி, கோணலா நிக்குது."

"தொட வேண்டியதத் தொட்டாப் போதும். இன்னொருக்கா வளைச்சா ஒடிஞ்சிரும்" என்று கையை எடுத்துவிட்டாய். எனக்கு மனசே இல்லை. நானாக இருந்தால் இன்னொரு தரம் வளைத்து, அதை ஒடித்தும் இருப்பேன்.

சாயங்காலம் அவர் எதிரிலேயே சுவிட்சைப் போட்டாய். திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே நின்றது. வெளுத்தது. அவர் கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார். நீ பதிலுக்கு, "அடுத்த வருஷம் பொட்டெல்லாம் பொட்டிக்கு வெளியதான்" என்று மிரட்டி அனுப்பினாய். மனுஷன், காலையில் தோட்டத்து ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு நம்மிடம் யாரும் பாஸைத் தேடவில்லை.

எனக்கு எவ்வளவு பெருமை என்று நீ இருக்கும்போது சொல்லவில்லை. சொன்னால் உனக்குத் தலைக்கனம் ஏறும் என்று கேலி பேசியே காலத்தைக் கழித்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். நமது மலையிலேயே உன் கை போல ஒரு கை இல்லை. அதில் கொஞ்சம் என்னிடமும் ஒட்டியிருக்கிறது. எங்கே நிறுத்துவது என்று இப்போதெல்லாம் என் விரலுக்கே தெரிகிறது.

இன்றைக்கு ஸ்பிரிட்டைத் திறக்கவைத்த போர்ட், தூக்கிப் போடச் சொன்ன அதே நுவரெலியாக் கடை பஸ்ஸில் அனுப்பியது. பின் வேலை. நீ போன செய்தி அவர்களுக்கு எட்டவில்லை. பார்சலின் மேல் கொட்டை எழுத்தில் உன் பெயர். கொண்டக்டர் அதைப் படித்துவிட்டு, "இவங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இருக்காங்க, குடுங்க" என்று கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.