சித்தப்பாவின் வாய்க்கரிசி

கர்க்கடகம் 18, புதன்.

சித்தப்பா இன்று காலை போய்விட்டார். ஒரு மாதமாக மரச்சீனிக் கிழங்கு அவர் தொண்டையில் இறங்கவில்லை. அரிசிக் கஞ்சிதான் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்காகத்தான் போன வாரம் அவர் மகள் செல்லம்மை நாகர்கோவிலிலிருந்து இரண்டு படி அரிசியைத் துணியில் முடிந்து பஸ்ஸில் கொண்டுவந்தாள். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் அரிசிச் சோதனைக்கு நின்றவன் நான். "அப்பாவுக்குக் கஞ்சிக்கு, அண்ணாச்சி" என்றாள். பெர்மிட் இல்லை. பறிமுதல் செய்தேன். தங்கையை விட்டுவிட்டு மற்றவர்களிடம் எந்த முகத்தோடு பிடுங்குவேன்? எல்லோருக்கும் ஒருவாய் கிடைக்கத்தானே சர்க்கார் அரிசி கொண்டுவரத் தடை போட்டது? இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். நினைத்து என்ன?

ஆரியசாலையில் சித்தப்பா வீட்டில் வாய்க்கரிசி போட என் முறை வந்தது. தட்டைத் தொடக் கை வரவில்லை. செல்லம்மை நிமிர்ந்து பார்த்தாள்.

"ரேஷன் அரிசிதான் அண்ணாச்சி. பயப்படண்டாம், போடுங்க."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மூன்று தடவை போட்டேன். சில அரிசிமணிகள் அவர் உதட்டிலிருந்து வழுக்கிப் பாயில் சிதறின. செல்லம்மை குனிந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அப்பா வாயிலேயே திரும்பப் போட்டாள்.